மரப்பாவையின் நாண்

1

2022 சித்திரையில் சென்னையிலிருந்து பாலவனத்தத்துக்கு இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். உள்ளே ஆறு பொம்மைகள். ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம். பேட்மேன், அயர்ன் மேன் வகையறா. சென்னை ஃப்ளாட்டின் ஈரக்காற்றில் பேட்மேனின் கறுப்பு உடை அக்குளிலும் முழங்காலிலும் வெடிக்க ஆரம்பித்திருந்தது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பார்த்தேன், ஏசியை ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசியில்தான் தோன்றியது: ஈரமே இல்லாத ஓர் ஊர் எனக்குச் சொந்தமாக இருக்கிறதே.

விருதுநகர் - அருப்புக்கோட்டை சாலையில் போகிறவர்கள் பாலவனத்தத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். நடுநடுவே பருத்தி, சோளம், தரிசு. மழைக்காக ஊரே வானத்தைப் பார்க்கும் பூமியில், மழை இல்லாததற்காக நான் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா பெட்டியைப் பிரிக்கக் கூடவே நின்றார். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்த கை. எதை எடுத்தாலும் முதலில் எங்கே அசைகிறது, எங்கே இறுக்கம் என்றுதான் பார்க்கும்.

"என்ன வெலப்பா இது?"

"ஒரு ரெண்டாயிரம் வரும்ப்பா."

"ரெண்டாயிரமா!" என்றார். இரண்டு கையாலும் பிடித்துப் பதமாகப் பீரோவுக்குள் வைத்தார்.

அந்தப் பொம்மையின் விலை முப்பத்தெட்டாயிரம்.

இந்தக் கட்டுரை இந்த வகைப் பொம்மைகளின் வரலாறு. குறைகளையும் செலவையும் கணக்குப் பார்ப்பதும் இதில் உண்டு. அந்தப் பொய்யும் கணக்கில் வர வேண்டும் என்பதால் அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

2

சேகரிப்பவர்கள் இதை 'ஃபிகர்' என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். "என் ரூம்ல பதினோரு ஃபிகர் இருக்கு" என்று ஒருமுறை ஆபீஸில் வாய்விட்டு, அதற்குப் பிறகு நான் 'பொம்மை' என்றே சொல்லிப் பழகிக்கொண்டேன். ஆனால் இந்தத் தொழிலே 'பொம்மை' என்ற சொல்லைக் கண்டு பயந்ததில்தான் தொடங்கியது.

1959இல் மட்டெல் நிறுவனம் பார்பியை வெளியிட்டது. ஒரு பொம்மை, அதற்கு மாற்றி மாற்றி உடுத்த ஆயிரம் உடை. பொம்மையை ஒருமுறை வாங்கினால் உடையை வாழ்நாள் முழுக்க வாங்க வேண்டும். இதையே பையன்களுக்கும் விற்றால் என்ன என்ற யோசனையை ஸ்டான் வெஸ்டன் என்பவர் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம் கொண்டுபோனார். சிக்கல், அமெரிக்க அப்பாக்கள் மகனுக்குப் பொம்மை வாங்கித் தர மாட்டார்கள் என்பது. எனவே நிறுவனத்துக்குள் அதைப் பொம்மை என்று யாரும் சொல்லக் கூடாது என்றானது. 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயர் அப்படி வந்தது. 1964இல் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் கடைக்கு வந்தான். சுமார் பன்னிரண்டு அங்குல உயரம். உடம்பில் அசையும் பாகங்கள் 21. ஓவியர்கள் உடல் நிலைகளை வரைந்து பழக மேசையில் வைத்துக்கொள்ளும் மர மனிதன்தான் அவனுக்கு முன்மாதிரி.

மனித உடம்புக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. கை, கால், தலை எல்லாம் கடவுளுடைய டிசைன். போட்டி நிறுவனம் அச்சு எடுத்துவிட்டால் எப்படி நிரூபிப்பது? அதற்காக ஜோவின் கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். இன்னொன்று, வலது கைக் கட்டைவிரலின் நகம் தப்பான பக்கத்தில் இருந்தது. செதுக்கியதில் நேர்ந்த பிழை. திருத்தாமல் அப்படியே விட்டார்கள். எவனாவது நகல் எடுத்தால் அந்தப் பிழையும் சேர்ந்து நகலாகும், மாட்டிக்கொள்வான். இந்த வகைப் பொம்மைகளின் முதல் பிழை, அசல் என்பதற்கான அடையாளமாக ஆகிப்போனது. நாங்கள் சாஃப்ட்வேரில் ஒரு பழைய ஜோக் சொல்வோம்: இது பிழையில்லை, வசதி. அதற்கு இவ்வளவு பழைய உதாரணம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சூப்பர் ஹீரோக்கள் இரண்டு வருஷம் கழித்து வந்தார்கள். 1966இல் ஐடியல் நிறுவனத்தின் கேப்டன் ஆக்‌ஷன். ஒரே ஆள்தான். முகமூடியும் உடையும் தனியாக வாங்கி மாட்டினால் சூப்பர்மேன் ஆவான், பேட்மேன் ஆவான், நம் முத்து காமிக்ஸ் வாசகர்களின் வேதாளரும் ஆவான். 1972இல் மெகோ நிறுவனம் எட்டு அங்குலத்தில் சூப்பர் ஹீரோ வரிசையைக் கொண்டுவந்தது. உடம்பு ஒன்றேதான். தலையையும் துணியையும் மாற்றினால் அடுத்த ஆள். எங்கள் தொழிலில் பொதுவான பண்புகளை ஒரு தாய் வகுப்பில் எழுதிவிட்டு, மற்ற எல்லா வகுப்பும் அதிலிருந்து வாரிசாகப் பெற்றுக்கொள்ள விடுவோமே, அதே சிக்கனம்.

இந்தப் பழைய உடம்புகளை உள்ளே பிடித்து நிறுத்தியது எலாஸ்டிக் நாடா. தோளிலிருந்து தோளுக்கு, இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும். 1982இல் ஜி.ஐ. ஜோ மூன்றேமுக்கால் அங்குலமாகச் சுருங்கி மறுபிறவி எடுத்தபோதும் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. மேல் உடம்பையும் கீழ் உடம்பையும் அதுதான் சேர்த்துப் பிடித்தது. அது அறுந்தால் வீரன் இரண்டு துண்டு.

நமக்கு இது புதிதே இல்லை. கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தின் மரப்பொம்மைகள், தோல்பாவைக் கூத்தின் ஆட்டுத்தோல் அனுமார் எல்லாம் மூட்டு வைத்து முடிந்த உருவங்கள்தான். திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், 1020ஆவது குறளில், ஒரு மரப்பாவை வருகிறது. மனத்தில் நாணம் இல்லாதவர்கள் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். 'நாண்' என்ற ஒரே சொல் அதில் இரண்டு தரம் வருகிறது. முதலில் வெட்கம், பிறகு கயிறு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது பிடிபடவில்லை. உள்ளே இருக்க வேண்டிய நாண் இல்லாதவனை, வெளியே இருக்கிற நாண் ஆட்டுகிறது. அவ்வளவுதான் குறள்.

3

மெகோவின் சூப்பர் ஹீரோக்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அதே 1972இல், எங்கள் பக்கத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962இலிருந்து பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த கதை அது. நாயகனுக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அமெரிக்கப் பையன்களுக்கு முழு உடம்பு கிடைத்தது. எங்கள் சித்தப்பா தலைமுறைக்கு ஒரு கை கிடைத்தது. விரல் விரலாக மூட்டு வைத்த ஓர் இரும்புக்கை.

அதற்குப் பொம்மை எதுவும் வரவில்லை. சித்தப்பா சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை விரல்களில் சுற்றிக்கொண்டு, எல்லோரும் தன்னைப் பார்க்க முடியாது என்று நம்பித் தெருவில் திரிவாராம். பாட்டி பிடித்து அடித்தபோது, "எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாராம். இந்த ஹாபியில் நானறிந்து மிகக் குறைந்த செலவில் முடிந்த சேகரிப்பு அதுதான்.

என் தலைமுறைக்கு ஃபன்ஸ்கூல் இருந்தது. சென்னை எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகள் இங்கே வந்தன, ஜி.ஐ. ஜோ இந்தியாவிலேயே வார்க்கப்பட்டான். வர்ணம் பல சமயம் அமெரிக்க வர்ணத்தோடு பொருந்தாது. அங்கே ஒரு நிறத்தில் இருந்தவன் இங்கே கண்ணைப் பறிக்கும் வேறு நிறத்தில் வந்தான். அன்று அது குறை. இன்று அந்த நிறத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்திய ஜோவைத் தேடிக் காசு கொடுக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தின் கதைதான் மறுபடியும்.

நான் நாலாவது படித்தபோது மதுரையில் ஒரு கடையில் அப்பா அப்படி ஒருவனை வாங்கித் தந்தார். இடுப்பைச் சுழற்றிச் சுழற்றி விளையாடியதில் ரெண்டே மாசத்தில் ரப்பர் அறுந்து ஆள் இரண்டாகிவிட்டான். அழுதேன். அப்பா முதுகில் இருந்த திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தார். சைக்கிள் டியூபில் மெல்லிசாக ஒரு வளையம் வெட்டி, அதை ரெண்டு சுற்றாகப் போட்டு மாட்டினார். முன்னைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருந்தான், அவ்வளவுதான். அந்த ஆள் இன்னும் ஊரில் டிவிக்கு மேலே இருக்கிறான். இடுப்பு இன்னும் சுழல்கிறது. நடுவில் ரெண்டு தரம் டியூப் மாற்றியாகிவிட்டது.

4

வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து முதல் பெரிய பொம்மையை வாங்கினேன்.

'பெரிய பொம்மை' என்றால் என்ன? மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. முப்பது மூட்டுகளுக்கு மேல். தைத்த உடை, மாற்றி மாட்டிக்கொள்ள ஏழெட்டு ஜோடிக் கைகள், நடிகரின் முகத்தை மயிர்க்கால் வரை பார்த்து வரைந்த தலை. இந்த வகையை இன்றைய உச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸுக்குப் பெரிய பங்கு. 2000இல் ஹோவர்ட் சான் தொடங்கிய நிறுவனம். முதலில் ராணுவ வீரர்கள், பிறகு சினிமாப் பாத்திரங்கள். ஜே.சி. ஹாங் போன்ற கொரியக் கலைஞர்கள் தலைக்கு வர்ணம் தீட்டும் முறையையே மாற்றினார்கள். தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதுபோல, அடுக்கடுக்காக. யார் செதுக்கினார், யார் தீட்டினார் என்று பெட்டியிலேயே பெயர் போடுவார்கள். பல நூற்றாண்டுக் கோயில் சிற்பிகளுக்குக் கிடைக்காத மரியாதை அது என்று முதல் பெட்டியைத் திறந்த ராத்திரி நினைத்துக்கொண்டேன்.

இனி குறைகள்.

முதல் குறை, பார்த்தது ஒன்று வாங்குவது இன்னொன்று. இந்தச் சந்தை முன்பதிவில் ஓடுகிறது. ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கையால் தீட்டிய மாதிரியைப் படம் எடுத்துப் போடுவார்கள். அதைப் பார்த்து நாம் பணம் கட்டுவோம். ஒரு வருஷம், சில சமயம் அதற்கும் மேல் கழித்து வருவது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டதில் ஒன்று. கண் விழி ஒரு மயிரிழை விலகியிருக்கும். அந்த மயிரிழையை டார்ச் அடித்துப் பார்த்து நாங்கள் தூக்கம் கெடுவோம். இதற்கும் ஒரு மூதாதை உண்டு. 1977 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் நிறுவனம் பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பினால் அடுத்த வருஷம் பொம்மை வரும். ஜனங்கள் வாங்கினார்கள். அந்தக் குழந்தைகளின் வாரிசுகள்தான் நாங்கள்.

இரண்டாவது குறை, மூட்டு. முப்பது மூட்டு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அதன்மேல் போட்டிருக்கிற உடை மடங்காது. மடக்கி அப்படியே நிறுத்தினால் உடையில் கோடு விழும், பிறகு கிழியும். அதனால் கூர்த்த அனுபவமுள்ளவர்கள் பொம்மையை நேராக, கையைத் தொங்கவிட்டு, காலை லேசாக விரித்து நிறுத்துவார்கள். 'மியூசியம் போஸ்' என்று பெயரே உண்டு. அசைவுக்குக் காசு கொடுத்துவிட்டு அசையாமல் காப்பாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய குறை, காலம். இந்த உடைகளில் பல தோல்போலத் தெரிகிற பாலியூரித்தேன். துணிமேல் பூசிய படலம். காற்றிலுள்ள ஈரம் அந்தச் சேர்மத்தின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். தொடாமல் வைத்தாலும் அறுக்கும். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ, ஒருநாள் வெடித்து உரியும். மென்மையான பி.வி.சி. பாகங்களில் பிசுபிசுப்பு வரும், மென்மைக்காகக் கலந்த எண்ணெய் மேலே கசிவதால். வெயில் ஆகாது, சூடு ஆகாது, ஈரம் ஆகாது. முதல் வகைப் பிழையைக் காசால் சமாளிக்கலாம். இன்னும் பத்தாயிரம் போட்டால் இன்னும் நல்ல தலை கிடைக்கும். மூன்றாவதை எந்தக் காசும் நிறுத்தாது. கொடுமை என்னவென்றால், விலை ஏற ஏற உடை அசலுக்கு நெருங்கும். அசலுக்கு நெருங்க நெருங்க நாலைந்து விதப் பொருளை ஒட்டியும் தைத்தும் செய்வார்கள். அதில் எது முதலில் சாகுமோ அதுதான் முழு பொம்மையின் ஆயுள்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்க்கரை அய்யனார் கோயில்களில் மண்குதிரைகள் நிற்கும். வேளார் செய்து கொடுத்து, கண் திறந்து, ஊரே தூக்கிவந்து வைத்தது. அடுத்த நாளிலிருந்து வெயிலும் மழையும் அதன்மேல்தான். காது போகும், கால் போகும், உள்ளே ஓணான் குடியேறும். வருஷம் கழித்துப் பக்கத்திலேயே புதிது வைப்பார்கள். 'பெட்டியைப் பிரிக்காத குதிரை' என்று அங்கே ஒன்று இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70. இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொம்மைக்கு வரி மட்டும் பதினேழாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அனுப்பும் கூலி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்நாட்டில் செய்வதை வளர்க்க, சீனச் சரக்கைக் குறைக்க. சுதேசி. இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் ஜமீன்தார் ஞாபகம் வந்தார்.

5

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1867இல் பிறந்து 1911இல், நாற்பத்துநான்கு வயதில் இறந்தவர். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். 1901 செப்டம்பர் 14இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். எங்கள் ஊர்ப் பெயர் தமிழ் இலக்கிய வரலாற்றில் வருவது இவரால்தான்.

அவரைப் பற்றி இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்று: மதுரையில் சொற்பொழிவுக்கு வந்தவர், குறிப்புப் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். எங்கு தேடியும் ஒரு பிரதி கிடைக்கவில்லை. அந்த வேதனையில் பிறந்ததே சங்கம் என்பார்கள். இரண்டாவது: ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் தமிழ் படித்து, குறளில் எதுகை மோனை சரியாக அமையாத இடங்களைத் தானே 'திருத்தி' அச்சிட்டாராம். பாண்டித்துரைத் தேவர் அவரிடம் போய், கையிலிருந்த பிரதிகளை எல்லாம் மொத்தமாக விலை கொடுத்து வாங்கினார். தன் தமிழுக்கு இவ்வளவு கிராக்கியா என்று ஸ்காட் மகிழ்ந்துபோனாராம். தேவர் அத்தனையையும் தீயில் போட்டார்.

சின்ன வயதில் இந்தக் கதையை வீரக்கதையாகக் கேட்டிருக்கிறேன். சேகரிக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி கேட்டது. நகம் தப்பான பக்கத்தில் இருக்கிற ஜோவுக்கும், நிறம் பிசகிய இந்திய ஜோவுக்கும் நாங்கள் கூடுதல் காசு கொடுக்கிறோம். ஸ்காட்டின் குறளில் ஒரு பிரதி தப்பி இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும்! மொத்தப் பதிப்பும் எரிந்துபோய் மிஞ்சிய ஒரே பிரதி, அதுவும் பிழை நிறைந்தது. சேகரிப்பாளனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு உண்மையிலேயே நாக்கில் எச்சில் ஊறியது.

அப்படி ஊறியபோதுதான் அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. அவரும் சேகரித்தார். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை என்று நூலகம் வைத்தார், ஏடுகளையும் நூல்களையும் திரட்டினார். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி என்ற பெரும் கலைக்களஞ்சியம் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அவர் காசு போட்டது நூல் நாலு பேர் கைக்குப் போவதற்கு. பிழையான பிரதி நாலு பேர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்கும் காசு போட்டார். அவர் கணக்கில் பிரதியின் மதிப்பு, அது திறக்கப்படும்போது என்ன தருகிறது என்பதில் இருந்தது. என் கணக்கில், திறக்காமலே இருப்பதில் இருந்தது. மறுவிற்பனையில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, பொம்மைப் பெட்டிக்கு வெளியே வரும் பழுப்பு அட்டைப்பெட்டியும் இருக்கிறதா என்றுதான். பெட்டிக்குப் பெட்டி.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. புத்தகத்தை எரிப்பது எனக்கு இன்றும் உவப்பானதில்லை. ஜமீன் பணம் எங்கிருந்து வந்தது, எந்த விவசாயி கட்டிய வரி என்ற கேள்வியும் இருக்கிறது. என் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

6

2021 ஆடி மாதம் அப்பா போன் செய்தார். கிணறு வற்றிவிட்டது, போர் போட வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. "ஆகும்போல" என்று நிறுத்திக்கொண்டார். அப்பாக்கள் பணம் கேட்பது அப்படித்தான். நான் சொன்னேன்: "இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்குப்பா. பொறுத்துப் பாப்போமா?" அந்த வாரம்தான் முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பொம்மைக்குப் பாக்கித் தொகையைக் கட்டியிருந்தேன். அதுவரை வாங்கிய பதினொன்றின் மொத்தக் கணக்கு நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கணக்கு என்னிடம் தெளிவாக இருந்தது. எக்செல் ஷீட்டில் விலை, வரி, கூலி, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனிப் பத்தி.

அப்பா பொறுத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. எழுநூறு அடி இறக்கினார்கள். புழுதிதான் வந்தது. எனக்கு இது தெரிந்தது நாலு மாசம் கழித்து, தீபாவளிக்குப் போனபோது, அம்மாவின் கழுத்தைப் பார்த்து. பணம் கொடுத்திருந்தாலும் தண்ணீர் வந்திருக்காது. அந்த வாதத்தை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும் என்பதோடு அது நின்றுவிடும்.

அதற்குப் பிறகும் ஆறு மாசம் கழித்துத்தான் அந்த 'ரெண்டாயிரம்'. இதைத்தான் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

2023இல் விற்க ஆரம்பித்தேன். முதலில் சென்னையில் இருந்த ஐந்தும் போயின. பிறகு ஊரில் இருந்ததில் இரண்டை எடுக்க மதுரையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். திண்ணையில் வெள்ளைத் துண்டு விரித்து, பொம்மையை அதில் கிடத்தி, டார்ச் அடித்து ஒரு மணி நேரம் பார்த்தார். விழி, காது மடல், மூட்டு, தையல். நானும் இப்படித்தான் பார்ப்பேன். வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்ப்பதுபோல இருக்கும் என்று. இரண்டுக்கும் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் எண்ணி வைத்தார். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் போன பிறகு சொன்னார்: "ரெண்டாயிரம்னு சொன்னே."

வேறு எதுவும் கேட்கவில்லை. பணத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "உங்கம்மாகிட்ட குடு" என்றார். அந்த வாரம் சங்கிலியை மீட்டோம், பாக்கியை மற்ற காசில் சேர்த்து. அம்மா கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி பார்க்காமல் அடுப்படிக்குப் போனார்.

கடைசியில் பேட்மேன் மட்டும் மிஞ்சினார். உடை வெடித்தவரை யார் வாங்குவார்கள்? எங்கள் ஊர் வறட்சி வெடிப்பைத் தாமதப்படுத்தியது, நிறுத்தவில்லை. போன பொங்கலுக்குப் போனபோது தோள், வயிறு, தொடை எல்லாம் செதில் செதிலாக நின்றது. அப்பா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் ஒரு செதிலைக் கிளப்பி அடியில் பார்த்தார்.

"துணி நல்லாத்தான்ப்பா இருக்கு. மேல பூசுனதுதான் உரியுது. பின்னல் துணி. நல்ல நூலு."

என் அனுமதிக்குக் காத்திருப்பவர்போல ஒரு நொடி பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். நானும் காலிலிருந்து உரித்தேன். கறுப்புப் பொடி தரையெல்லாம் கொட்டியது, அம்மா திட்டினார். ஒரு மணி நேரத்தில் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறப் பின்னல் துணியில் ஒரு பேட்மேன் நின்றார், தறிக்கூடத்தில் வேலை முடிந்து பனியனோடு வெளியே வந்த ஆள்போல.

அப்பா முழங்காலை மடக்கினார். எனக்குப் பழக்க தோஷத்தில் கை நீண்டது, தடுக்க. பிறகுதான் கிழிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பது உறைத்தது. மூட்டு முழுசாக மடங்கியது. ஐந்து வருஷத்தில் முதல்தடவையாக அந்தப் பொம்மை உட்கார்ந்தது. டிவிக்கு மேலே, சைக்கிள் டியூப் சிப்பாய்க்குப் பக்கத்தில், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது.